டீசல் லைனில் காற்று: பழைய காரில் அது நுழையும் வழியைக் கண்டுபிடிப்பது

கோத்தகிரியில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசல் நல்ல சரிவு. எங்கள் பழைய டீசல் காரை அங்கே இரண்டு விதமாக நிறுத்தலாம். முகம் மேட்டைப் பார்த்து, இல்லாவிட்டால் முகம் பள்ளத்தைப் பார்த்து. மேட்டைப் பார்த்து நிறுத்திய இரவுக்கு அடுத்த காலையில் மட்டும் வண்டி படுத்தி எடுக்கும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்போம். ஒரு வழியாகப் பிடிக்கும், பத்து விநாடி ஓடும், அணைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

குளிர் ஊர் என்பதால் எல்லாரும் குளிரைத்தான் சொன்னார்கள். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினோம். பேட்டரியை மாற்றினோம். கடைசியாக, டீசல் பம்ப்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்த வாரம் ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். பல வருடம் லாரி ஓட்டியவர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினா ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதா?” ஆகிறது என்றேன். “ரெண்டு பக்கமும் ஒரே குளிர்தானேப்பா? அப்புறம் குளிர் எப்படிக் காரணமாகும்? எங்கேயோ ஏர் இழுக்குது, பாரு.”

அந்த ஒரு கேள்வியில் இருந்த யோசனையைத்தான் இந்தக் கட்டுரையில் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு டீசல் வரும் குழாயில், அதாவது லைனில், காற்று புகுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது எந்த இடத்தில் புகுகிறது என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டாம் பாதி நடப்பதே இல்லை. ஏர் எடுத்துவிட்டு, அதாவது உள்ளே இருக்கும் காற்றை மட்டும் வெளியேற்றிவிட்டு, அனுப்பிவிடுகிறார்கள், நான்கு நாளில் வண்டி மறுபடி அதே இடத்தில் நிற்கிறது. இங்கே சொல்வதெல்லாம் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் முறை) வருவதற்கு முந்தைய கார்களுக்கு. மெக்கானிக்கல் பம்ப் வைத்த அம்பாசிடர் டீசல், முதல் தலைமுறை இண்டிகா, பழைய ஜீப் போன்றவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துளியூண்டு காற்று ஏன் இன்ஜினை நிறுத்துகிறது

பெட்ரோல் இன்ஜினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசலில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைச் சுமார் இருபது மடங்கு அமுக்கினால் அது பழுக்கச் சூடாகும். அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பொடித்தூவலாகப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே இன்ஜின் ஓடுவதே அந்தப் பீய்ச்சலை நம்பித்தான்.

பீய்ச்சுவது இன்ஜெக்டர். அதன் உள்ளே ஊசியை ஒரு ஸ்பிரிங் அழுத்தி மூடி வைத்திருக்கும். பழைய கார் இன்ஜெக்டர்களில் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்க 100 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். 120 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் அளவுதான். அதைப் போல அறுபது மடங்கு.

மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கி வந்து, ஊசியை எறிந்துவிட்டு, இதைச் செய்து பாருங்கள். முழுக்கத் தண்ணீர் நிரப்பி, முனையைக் கட்டைவிரலால் அடைத்து, பின்னால் அழுத்துங்கள். கல்லை அழுத்துவது போல இருக்கும், விரலில் அழுத்தம் உடனே தெரியும். அடுத்து பாதி தண்ணீர், பாதி காற்று. இப்போது பிஸ்டன் பொத்தென்று உள்ளே போகும், விரலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. உங்கள் அழுத்தம் முழுவதும் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிட்டது. டீசலுக்கு 120 பார் கொடுத்தாலும் அது நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. காற்றோ ஏறக்குறைய நூற்றிருபதில் ஒரு பங்காகச் சுருண்டுவிடும். பம்ப்புக்குள் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சர் ஒவ்வொரு முறையும் குமிழியைச் சுருக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. இன்ஜெக்டரின் முனை (நாசில்) திறப்பதே இல்லை.

எவ்வளவு சிறிய குமிழி போதும் என்று பார்க்க ஒரு கணக்கு போடலாம். சும்மா ஐடிலிங்கில் ஓடும் சிறிய டீசல் கார் மணிக்கு அரை லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், நிமிடத்துக்கு 850 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு பீய்ச்சல் என்றால் நிமிடத்துக்கு 1,700, மணிக்கு 1,02,000. அரை லிட்டரை அதால் வகுத்தால் ஒரு பீய்ச்சலுக்கு சுமார் 5 கன மில்லிமீட்டர் வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 கன மில்லிமீட்டர் இருக்கும். அதாவது சொட்டில் பத்தில் ஒரு பங்குதான் அந்த நேரத்தில் ஒரு சிலிண்டருக்குப் போகிற சாப்பாடு. கடுகளவு குமிழி ஏன் ஒரு சிலிண்டரைத் தடுமாற வைக்கிறது என்பது இப்போது புரியும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பான ஒரு வரலாறு உண்டு. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில், எரிபொருளை உள்ளே தள்ளியதே அழுத்தி வைத்த காற்றுதான். அதற்கென்று தனிக் கம்பிரஷர் வேண்டியிருந்ததால் அந்த இன்ஜின்கள் கப்பலுக்கும் ஆலைக்கும்தான் சரிப்பட்டன. 1927-ல் பாஷ் நிறுவனம் திரவத்தை மட்டுமே அழுத்தும் பம்ப்பை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல் லாரி பரவலாகவும், பின்னால் டீசல் கார் வரவும் வழி பிறந்தது. அன்று முதல், உள்ளே தள்ளிய அதே காற்று லைனுக்குள் வரவே கூடாத ஒன்றாகிவிட்டது.

இளநீர் ஸ்ட்ரா

டேங்க் வண்டியின் பின்னால், தாழ்வாக இருக்கிறது. அங்கிருந்து இரும்புக் குழாய் வண்டிக்கு அடியில் ஓடி முன்னால் வருகிறது. அங்கே ரப்பர் ஓஸ், அப்புறம் டீசல் ஃபில்டர், அப்புறம் பம்ப். பம்ப்பிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தடித்த இரும்புக் குழாய். பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் மிஞ்சும் டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பிப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. பம்ப்புக்கு அந்தப் பக்கம்தான் தள்ளப்படுகிறது. ரோட்டரி பம்ப் (சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் பம்ப்) வைத்த பல கார்களில் அதற்குள் இருக்கும் சிறிய வேன் பம்ப்பே அவ்வளவு தூரத்தையும் உறிஞ்சுகிறது. வேறு சிலவற்றில் இன்ஜின் பக்கவாட்டில் தனி ஃபீட் பம்ப் இருக்கும். அப்போது ஃபீட் பம்ப் வரை உறிஞ்சல், அதிலிருந்து ஃபில்டர் வழியாகத் தள்ளல்.

இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் மேல் பக்கம் ஒரு கீறல் இருந்தால் என்ன ஆகும்? உறிஞ்சினால் இளநீர் வராது, காற்றுதான் வரும். ஆனால் அந்தக் கீறல் வழியாக ஒரு சொட்டு இளநீர்கூட வெளியே சிந்தாது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை அப்படித்தான். தரையில் ஒழுகல் இருக்காது, டீசல் வாசனை இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. “எங்கேயும் லீக் இல்லை சார்” என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. வெளியே வரும் லீக் இல்லை, உள்ளே போகும் லீக் இருக்கிறது.

அதே ஸ்ட்ராவை இளநீரில் முக்கி, மேல் துளையை விரலால் மூடித் தூக்குங்கள். உள்ளே இருக்கும் இளநீர் அப்படியே நிற்கும். விரலை எடுத்தால் விழுந்துவிடும். வண்டியை அணைத்த பிறகு லைனில் நடப்பது இதுதான். எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தால் டீசல் பம்ப் வரை நிரம்பி அப்படியே நிற்கும். உயரமான இடத்தில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால், இரவு முழுக்க காற்று மெல்ல நுழைந்து, டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் பம்ப்பின் வயிற்றில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பின்னாலேயே காற்று வரும். பத்து விநாடியில் அணையும்.

எங்கள் வண்டியின் சரிவுக் கதைக்கும் விளக்கம் இதுவே. மேட்டைப் பார்த்து நின்றால் இன்ஜின் மேலே, டேங்க் கீழே, டீசல் இறங்கிப் போக வழி. பள்ளத்தைப் பார்த்து நின்றால் டேங்க் மேலே, டீசல் தன் கனத்திலேயே பம்ப்பை நிரப்பி வைத்திருக்கும். உங்கள் வீட்டருகே சரிவு இருந்தால் கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனை இது. இரண்டு இரவு இப்படி, இரண்டு இரவு அப்படி நிறுத்திப் பாருங்கள். டேங்கில் டீசல் குறையக் குறையத் தொல்லை கூடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

முதலில் புகையைப் பாருங்கள்

காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஹீட்டர் பிளக் போயிருக்கலாம், பேட்டரி தளர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். இவற்றையெல்லாம் காற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது சைலன்சர் முனைதான். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. ஹீட்டர், கம்ப்ரஷன், செல்ஃப் வேகம் பக்கம் போய்த் தேடுங்கள். நன்றாகச் சுற்றியும் புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. எங்கள் வண்டியில் புகை வரவில்லை. அதை ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் நான்கு ஹீட்டர் பிளக் காசு மிச்சமாகியிருக்கும்.

புகை இல்லை என்றதும் காற்றுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். ரோட்டரி பம்ப்பின் தலையில் ஒரு ஸ்டாப் சாலினாய்டு, அதாவது டீசல் வழியைத் திறந்து மூடும் மின்சார வால்வு, இருக்கும். சாவியைப் போட்டால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். அதற்குக் கரண்ட் வராவிட்டாலும் டீசல் போகாது, புகையும் வராது. ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

ஓடும்போது தெரியும் அறிகுறிகளும் உண்டு. ஐடிலிங் ஏறி இறங்குவது, மேட்டில் அழுத்தினால் இழுவை விட்டுவிட்டு வருவது. இதே போலத் தோன்றும் இன்னொன்று ஃபில்டர் அடைப்பு. வேகத்தில் மூச்சு திணறி, ஓரம் கட்டிச் சற்று நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி கொஞ்ச தூரம் நன்றாக ஓடும் என்றால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டேங்க் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருந்தாலும் அப்படியே. மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் புரிந்துவிடும். அடைப்பு இருக்கும்போது பம்ப் இன்னும் பலமாக உறிஞ்சும். அந்த உறிஞ்சலில், அதுவரை சும்மா இருந்த ஒரு தளர்ந்த இணைப்பு காற்றை உள்ளே விட ஆரம்பிக்கும். ஆகவே ஃபில்டர் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் முதலில் அதை மாற்றிவிட்டு மேலே போவது நல்லது.

கைப் பம்ப் சொல்லும் சேதி

பல வண்டிகளில் ஃபில்டர் தலையிலோ, லைனிலோ, ஃபீட் பம்ப்பிலோ கையால் அமுக்கும் ஒரு சிறிய பம்ப் இருக்கும். இரவில் வண்டியை அணைத்ததும் அதை அமுக்கிப் பாருங்கள். ஓரிரு அமுக்கில் கெட்டியாகிவிடும். காலையில், சாவியைத் தொடுவதற்கு முன்னால், மறுபடி அமுக்கி எண்ணுங்கள். இரண்டு அமுக்கில் கெட்டியானால் லைன் நிரம்பியே இருக்கிறது. இருபது, முப்பது தடவை பஞ்சு போல அமுங்கிவிட்டு அப்புறம்தான் கெட்டியாகிறது, அதன் பிறகு ஒரே செல்ஃபில் வண்டி பிடித்துக்கொள்கிறது என்றால் இரவில் டீசல் இறங்கிவிட்டது உறுதி. ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் சரிசெய்தது பலித்ததா என்று ஒப்பிட உதவும்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கும் ஓஸின் இடத்தில், அதே உள்விட்டமுள்ள கண்ணாடி போன்ற டியூப் ஒரு சாண் நீளம் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் இறுக்குங்கள். மீன்தொட்டிக்குப் போடும் டியூபே போதும், ஆனால் அது டீசலில் சில நாளிலேயே கெட்டித்து முனை தளர்ந்துவிடும். ஆகவே சோதனைக்கு மட்டும் போட்டுவிட்டு, முடிந்ததும் கழற்றி டீசல் ஓஸையே திரும்ப மாட்டிவிட வேண்டும். போட்ட உடனே குமிழி வருவது இயற்கை, நாமே திறந்து காற்றை விட்டிருக்கிறோம். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். எப்போதாவது குண்டூசித் தலை அளவில் ஒன்றிரண்டு போனால் கவலைப்பட வேண்டாம், உறிஞ்சும்போது டீசலில் கரைந்திருக்கும் காற்றே கொஞ்சம் பிரிந்து வரும். விரல் கணு நீளத்துக்குக் குமிழிகள், அல்லது சோடா போல நுரை தொடர்ந்து வந்தால் அது லீக்.

இப்போது அதே டியூபை ஃபில்டருக்கு முன்னால், டேங்கிலிருந்து வரும் பக்கம் மாற்றுங்கள். அங்கேயும் குமிழி வந்தால் ஃபில்டர் நிரபராதி. டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்தான் வழி இருக்கிறது. அங்கே சுத்தமாக வந்து, ஃபில்டருக்குப் பின்னால் மட்டும் குமிழி என்றால் ஃபில்டர் தலை, அதன் ஓரிங் (ரப்பர் வளையம்), கைப் பம்ப், அடியில் தண்ணீர் இறக்கும் திருகு இவற்றில் ஒன்று. இரண்டே இடத்தில் பார்த்து முழு லைனையும் பாதியாகப் பிரித்துவிட்டோம்.

டேங்க் பக்கம் என்று தெரிந்தால், அல்லது பம்ப்பையே சந்தேகித்தால், கேன் வைத்துப் பார்க்கும் சோதனைதான் எனக்குத் தெரிந்ததில் மிக நம்பகமானது. சுத்தமான கேன் ஒன்றில் சில லிட்டர் டீசல் எடுத்து, பம்ப்பை விட உயரமான இடத்தில் ஆடாமல் கட்டி வையுங்கள். விசிறி, பெல்ட், சைலன்சர் சூடு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கேனிலிருந்து ஒரு ஓஸ் நேராக ஃபில்டரின் உள்வழிக்கு. ரிட்டர்ன் ஓஸையும் கழற்றிக் கேனிலேயே விடுங்கள். இல்லாவிட்டால் கேனில் இருப்பது டேங்குக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் கேன் காலியாகிவிடும். இப்போது இன்ஜின் அழகாக ஓடி, மணிக்கணக்கில் நிறுத்தி வைத்துப் பார்த்தாலும் உடனே ஸ்டார்ட் ஆனால், பம்ப்பில் ஒன்றும் இல்லை. பம்ப்பைக் கழற்றச் சொல்லும் யாரிடமும் நீங்கள் தைரியமாக வேண்டாம் என்று சொல்லலாம். கேன் உயரத்தில் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. இதுவரை உறிஞ்சும் பக்கமாக இருந்த ஃபில்டர் பகுதி இப்போது தள்ளும் பக்கமாகிவிட்டது. அங்கே விரிசல் இருந்தால் காற்று உள்ளே போவதற்குப் பதில் டீசல் வெளியே கசியும். ஒரு வெள்ளைத் தாளை இணைப்பைச் சுற்றி வைத்து எடுத்தால் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும்.

கேன் வைத்தும் தொல்லை தொடர்ந்தால்தான் பம்ப்பின் பக்கம் திரும்ப வேண்டும். ஆக்சிலரேட்டர் லீவர் பிடித்திருக்கும் தண்டின் சீல், பம்ப் தலையின் ஓரிங் இவை தேய்ந்திருந்தால் ஓடும்போது அங்கே டீசல் கசியும், நின்ற பிறகு அதே வழியில் காற்று போகும். பம்ப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் ஈரம் தெரியும். கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறும்போது பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது 1993-ல் அமெரிக்காவிலேயே பார்த்த விஷயம். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.-6 (வாகனப் புகை மாசு விதி) டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இருபது வயதான சீலை மாற்றும்போது இன்றைய டீசலுக்குத் தாங்கும் ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

காற்று விரும்பும் இடங்கள்

ரப்பர் ஓஸின் முனைதான் முதல் இடம். நடுப்பகுதி பளபளவென்று இருக்கும், கிளிப்புக்கு அடியில் வெடித்திருக்கும். கிளிப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது வெடிப்பை ஆழப்படுத்தும். ஓஸ் நீளமாக இருந்தால் முனையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டு மாட்டலாம், பழசு என்றால் மொத்தமாக மாற்றுவதே சரி.

ஃபில்டர் மாற்றிய மறுநாள் ஆரம்பித்த தொல்லை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். பழைய ரப்பர் வளையம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதுசைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அல்லது பேஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். ஒரு முறை நசுங்கிய வாஷர் இரண்டாம் முறை ஒழுங்காக உட்காராது.

இன்ஜெக்டர்களின் தலையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் நூல் பின்னிய சிறிய ஓவர்ஃப்ளோ ஓஸ்களை யாரும் கவனிப்பதில்லை. பல இன்ஜின்களில் கடைசி இன்ஜெக்டரின் முனையை மூட ஒரு குட்டி ரப்பர் மூடி இருக்கும், சுண்டுவிரல் நுனி அளவுதான். இன்ஜின் சூட்டில் அது வெடித்தால், ரிட்டர்ன் வழியாகக் காற்று புகுந்து பம்ப்பே வடிந்துவிடும்.

அரை டேங்குக்கு மேல் இருந்தால் தொல்லையில்லை, கீழே போனால் உண்டு என்றால் டேங்குக்குள் தொங்கும் உறிஞ்சு குழாயில் துரு ஓட்டை இருக்கலாம். டீசல் மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கினால்தான் அது காற்றை இழுக்கும்.

ஒரு இணைப்பின் மேல் சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் உறுதியில்லை என்றால், இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டி கிரீஸை அப்பி, டியூபைப் பாருங்கள். குமிழி நின்றால் ஆள் அகப்பட்டாயிற்று. கிரீஸை மருந்தாக விட்டுவிடாமல் இணைப்பைச் சரிசெய்யுங்கள். லைனில் ஒருவழி வால்வு போட்டுவிடும் பழக்கமும் இப்படித்தான். காலைத் தொல்லை குறையும், ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு நாள் மேட்டில் வண்டி நிற்கும். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஏர் எடுப்பது

வழியை அடைத்த பிறகு உள்ளே மிச்சமிருப்பதை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, அடியில் துணி வைத்து, கைப் பம்ப்பை அமுக்குங்கள். முதலில் நுரை, அப்புறம் குமிழி, கடைசியில் நூல் பிடித்தது போல டீசல். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். கைப் பம்ப்பைக் கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் இன்ஜெக்டர் பைப்பின் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் இறுக்குவார்கள்.

கவனம் வேண்டிய இடம் இதுதான். இன்ஜெக்டரிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசிக் குத்து போலத்தான் தெரியும், உள்ளே விரலையே இழக்கும் அளவுக்கு ஆகலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தளர்த்திய நட்டின் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள், துணி போர்த்திவிடுங்கள், கண்ணாடி அணியுங்கள். காமன் ரெயில் வண்டியில் எந்த ஹை பிரஷர் நட்டையும் தளர்த்தவே கூடாது, அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும்.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். ரோட்டரி பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெயும், வறண்ட பம்ப்பை விடாமல் சுற்றினால் தேயும். காற்று இழுக்கும் வாயில் பெட்ரோல் துணியோ எரியும் காகிதமோ காட்டி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். சிந்திய டீசலை, முக்கியமாக ரேடியேட்டர் ஓஸ் மேலும் ஆல்டர்னேட்டர் மேலும் பட்டதை, அன்றே துடைத்துவிடுங்கள்.

எங்கள் வண்டியில் ஃபில்டருக்கு முன்னால் போட்ட டியூபில் குமிழி ஓடியது. கேன் வைத்தோம், குமிழி நின்றது. ஆக, டேங்க் பக்கம். பெரியப்பா வண்டியைப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொன்னார். டேங்க் உயரத்தில் இருக்கும்போது ஓட்டை கசியும் என்பது அவர் கணக்கு. மறுநாள் காலை, அடியிலிருந்து வரும் இரும்புக் குழாய் ரப்பர் ஓஸோடு சேரும் இடத்தில், பேட்டரித் தட்டுக்குக் கீழே கையை விட்டு, செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுற்றி எடுத்தார். தாளில் விரல்நகம் அளவுக்கு எண்ணெய்க் கறை, டீசல் வாசனை. ஓஸை வெளியே எடுத்து பிளேடால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். கிளிப் இருந்த இடத்தில் மட்டும் உள்பக்கம் குதிகால் பித்தவெடிப்பு போல மூன்று நான்கு கோடுகள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு அடி டீசல் ஓஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்து மாட்டினோம், ஏர் எடுத்தோம். அன்று இரவு வேண்டுமென்றே முகத்தை மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். விடிந்ததும் சாவியைத் தொடாமல், போனட்டைத் தூக்கி, முதலில் கைப் பம்ப்பில் கை வைத்தேன். முதல் அமுக்கிலேயே கல் மாதிரி இருந்தது.